கல்பாத்தி ராமநாதன் கண்ட மங்கலான வெளிச்சம்

எட்டு வருஷங்களுக்கு முன்பு நம் சங்கக் கிளை ஒன்றின் ஆண்டு மலரில் நான் ஒரு சிறு கட்டுரை எழுதியிருந்தேன். பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்த டாக்டர் கே.ஆர். ராமநாதன், ராமன் விளைவை ராமனுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டார் என்றும், அவருக்குச் சேரவேண்டிய பெருமை பறிக்கப்பட்டது என்றும் அதில் சற்று ஆவேசமாகவே எழுதினேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. கல்பாத்தியிலிருந்து என் அம்மாஞ்சி போன் பண்ணி, "நன்னா கொடுத்தேடா" என்றான். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி. எழுதியவர் ஓய்வுபெற்ற ரசாயன ஆசிரியை, நம் அங்கத்தினர். "நமஸ்காரம். தங்கள் கட்டுரை படித்தேன். பறித்தது யார், எப்போது, எப்படி என்று எழுதவில்லையே? பார்த்தவர் பார்த்த அன்றே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரிதான். பதில் எழுத உட்கார்ந்தபோது என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்தது. நாற்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது கொஞ்சம் வெட்கமான விஷயம். அப்புறம் தேடித்தேடிப் படித்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நான் எங்கிருந்து வந்தவன் என்று சொல்லிவிடுகிறேன், காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் உத்தியோகம். கோட்டயத்திலிருந்து குமுளி போகிற மலைப்பாதையில், பெரியாற்றங்கரையில் இருக்கிற ஊர். மண்டல காலத்தில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். மற்ற நாளெல்லாம் தேயிலை, மழை, மூடுபனி. இரவில் குமுளிப் பக்கமிருந்து லாரி வந்தால் லாரிக்கு முன்னால் அதன் வெளிச்சம் வரும். மூடுபனியில் அந்த வெளிச்சம் இரண்டு வெள்ளைத் தூண்கள் மாதிரி நிற்கும். பகலில் வானம் தெளிந்த நாளில் கிழக்கு மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, தூரம் போகப்போக நீலம் கூடித் தெரியும். "பனியில் லைட் வெள்ளையா இருக்கு, மலை மட்டும் ஏம்ப்பா நீலமா இருக்கு?" என்று கேட்டதற்கு அப்பா, "லீவுக்குக் கல்பாத்தி போறப்போ மாமாவைக் கேளு" என்று சொல்லிவிட்டார்.

மாமாவைக் கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை, பெருமை சொன்னார். "அதெல்லாம் நம்ம ராமநாதன் கண்டுபிடிச்சதாக்கும். கேட்டியோ? ராமன் பார்த்ததுக்கு முன்னாடியே நம்ம ஆள் பார்த்தாச்சு." ஐப்பசித் தேர் சமயத்தில் திண்ணைக்குத் திண்ணை இப்படி எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். எட்டு வயதில் காதில் விழுந்தது எழுபது வயதில் கட்டுரையாக வெளிவந்துவிட்டது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

மலை நீலத்துக்கான விடை லார்டு ராலே 19-ஆம் நூற்றாண்டிலேயே கொடுத்துவிட்டார். ஒளி ஓர் அலை. காற்றின் மூலக்கூறுகள் அந்த அலையைச் சிதறவிடுகின்றன. அலைநீளம் குறைந்த நீலம் மற்ற நிறங்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. மூடுபனியில் உள்ள நீர்த்துளி மூலக்கூறைப்போல அல்ல, அலைநீளத்தைவிடப் பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறவிடும், அதனால் வெள்ளை. இதில் எங்கும் துகள் என்ற பேச்சே வேண்டியதில்லை. தாமஸ் யங் 1801 முதல் செய்து காட்டிய குறுக்கீட்டு விளைவுகளிலிருந்து நூறு வருஷம் ஒளி என்றால் அலைதான்.

நம் ராமனும் அந்த அலைப் பள்ளிக்கூடத்து மாணவர்தான். 1906-ல், சென்னை பிரெசிடென்சி காலேஜில் படிக்கும்போதே வெளியான அவருடைய முதல் கட்டுரை ஒளியின் விளிம்பு வளைவைப் பற்றியது. 1907-ல் கல்கத்தாவில் நிதி இலாகா உத்தியோகத்தில் சேர்ந்து, ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சி சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய சங்கம் அது. அங்கே பல வருஷங்கள் அவர் ஆராய்ந்தது வயலின் தந்தியையும் மிருதங்கத்தின் நாதத்தையும். மிருதங்கத்தின் கரணை போட்ட வலந்தலை மற்றத் தோல் வாத்தியங்கள் மாதிரி இரைச்சலாக இல்லாமல் ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். காதாலும் கண்ணாலும் அலையிலேயே ஊறியவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மகாநாட்டுக்குப் போய்விட்டு 'நர்குண்டா' கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து ராமன் மயங்கிப்போனார். கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே சொல்லியிருந்தார். ராமனின் சட்டைப்பையில் ஒரு நிக்கல் பட்டகம் இருந்தது. குறிப்பிட்ட கோணத்தில் பட்டகத்தைத் திருப்பினால் நீர்ப்பரப்பிலிருந்து வருகிற பிரதிபலிப்பு அணைந்துவிடும். அணைந்த பிறகு பார்த்தால் கடல் முன்னைவிட நீலமாக இருந்தது! நீலம் தண்ணீருக்கு உள்ளேயிருந்து வருகிறது. பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நின்றபோதே கட்டுரையை எழுதி 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்ததும் சீடர்களைக் கூட்டித் திரவங்களில் ஒளிச்சிதறல் என்ற பெரிய வேலையை ஆரம்பித்தார்.

இந்த இடத்தில்தான் கல்பாத்தி உள்ளே வருகிறது. கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் 1893 பிப்ரவரி 28-ஆம் தேதி பிறந்தவர். (தேதியைக் கவனியுங்கள், பிறகு வருகிறேன்.) பாலக்காடு விக்டோரியா காலேஜ், அப்புறம் சென்னை பிரெசிடென்சி காலேஜ். திருவனந்தபுரம் மகாராஜா காலேஜில் ஆய்வுக்கூட உத்தியோகம் பார்த்துவிட்டு 1921 கடைசியில் கல்கத்தாவுக்கு ராமனிடம் போனார். பிறகு ரங்கூனில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஆனாலும் விடுமுறை வந்தால் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்துவிடுவார்.

1923-ல் ராமநாதன் செய்தது இது. சூரிய ஒளியை லென்சால் குவித்து, ஓர் ஊதாக் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் விட்டார். சிதறி வருகிற ஒளியைப் பக்கவாட்டிலிருந்து ஒரு பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஊதாக் கண்ணாடி விடுகிற நிறத்தைப் பச்சைக் கண்ணாடி விடாது. ஆகவே உள்ளே போன நிறமே வெளியே வருகிறது என்றால் கும்மிருட்டாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. மங்கலாக, மிக மங்கலாக, ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. உள்ளே போகாத நிறம் ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது.

திரவத்தில் அழுக்கு ஏதாவது இருந்து ஒளிர்கிறதோ என்பது இயல்பான சந்தேகம். சில பொருள்கள் ஒரு நிறத்தை உட்கொண்டு இன்னொரு நிறத்தை உமிழும்; ஃப்ளுவரசன்ஸ் என்பார்கள். ராமன் திரவத்தைச் சுத்தப்படுத்தச் சொன்னார். ராமநாதன் வெற்றிடத்தில் மெல்ல மெல்ல, திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார். வெளிச்சம் போகவில்லை. கடைசியில் "மெலிந்த ஃப்ளுவரசன்ஸ்" என்று பெயர் கொடுத்துக் குறித்துவைத்தார்கள். ராமனுக்கு அந்தப் பெயரில் திருப்தி இல்லை. ஆனாலும் வேறு பெயர் தோன்றவில்லை.

நான் இளமையில் நினைத்த மாதிரி இதை யாரும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ராமநாதனின் கட்டுரை 1923-லேயே லண்டன் 'பிலசாபிகல் மேகஸின்' பத்திரிகையில் அவர் பெயரிலேயே வெளிவந்தது. உலகம் முழுவதும் படித்திருக்கலாம். ஜாம்ஷெட்பூர் அம்மையாரின் கேள்விக்கு அரைப் பதில் இது: பார்த்தவர் அன்றே சொல்லிவிட்டார். மிச்சம் அரைக் கேள்வி, சொன்னது ஏன் யார் காதிலும் ஏறவில்லை என்பது.

அதற்கு அந்த 1923-ஆம் வருஷத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும். ஐன்ஸ்டைன் 1905-லேயே ஒளி சக்திப் பொட்டலங்களாக வருகிறது, அதாவது துகள் போல நடந்துகொள்கிறது என்று சொல்லிவிட்டார். உலோகத்தில் ஒளி பட்டு எலெக்ட்ரான் வெளியேறுகிற கணக்கு அதனால் சரியாக வந்தது. அந்தக் கணக்குக்காகவே நோபல் பரிசும் வந்தது. ஆனால் பொட்டலம் என்ற கருத்தைப் பெரியவர்கள் பலர் நம்பவில்லை. அலை இல்லாமல் குறுக்கீடு எப்படி? அமெரிக்காவில் ஆர்தர் காம்ப்டன் எக்ஸ்ரே கதிர் எலெக்ட்ரானில் மோதி, கோலிக்குண்டு போல, சக்தியில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு அலைநீளம் கூடி வெளியேறுகிறது என்று 1923-ல் வெளியிட்டார். அதே வருஷம் வியன்னாவில் ஸ்மேக்கல் என்பவர், ஒளி ஒரு மூலக்கூறோடும் அப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்யக்கூடும், அப்போது சிதறிய ஒளியில் நிறம் மாறிய பகுதி ஒன்று இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணித்தார். அதே வருஷம் பாரிசில் டி பிராய், துகள் என்று நினைத்த எலெக்ட்ரானுக்கும் அலை உண்டு என்று ஆரம்பித்தார். அதே வருஷம்தான் பௌபஜார் தெருவில் நம் ராமநாதன் பச்சைக் கண்ணாடி வழியாக அந்த மங்கலான கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலுக்கு வேண்டிய எல்லாம் நாலு வீட்டில் நாலு பாத்திரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரருக்கு அடுத்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கல்கத்தா வீட்டில் ராமனுக்குக் குவாண்டம் பற்றித் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1922-ல் அவர் எழுதிய 'ஒளியின் மூலக்கூறுச் சிதறல்' நூலின் கடைசி அத்தியாயமே, ஒளி பொட்டலமாக இருந்தால் சிதறலில் என்ன வித்தியாசம் வரும் என்று யோசிப்பதுதான். கதவுவரை போயிருக்கிறார். ஆனால் 1924-ல் டொரான்டோவில் நடந்த மகாநாட்டில் காம்ப்டனின் வாதத்தைக் கேட்டுவிட்டு, நீர் நன்றாக வாதாடுகிறீர், ஆனால் உண்மை உம்மிடம் இல்லை என்கிற பொருளில் அவரிடமே சொல்லியிருக்கிறார். இதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதியவர் காம்ப்டனே. அலையில் ஊறியவருக்குத் துகள் தொண்டையில் இறங்கவில்லை.

பார்த்த கண்ணில் குறையில்லை, சுத்தம் செய்த கையில் குறையில்லை. அந்தக் கோட்டைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் கல்கத்தாவில் அன்றைக்கு இல்லை. என் கட்டுரையில் நான் தவறவிட்டது இதைத்தான்.

இனி வண்டிப்பெரியாருக்குக் கொஞ்சம் திரும்பலாம். எங்கள் வீட்டு வாசலில் நின்று நேர் கிழக்கே அந்த நீல மலைகளைத் தாண்டினால், சுமார் அறுபது கிலோமீட்டரில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு. அங்கே 1898 டிசம்பர் 4-ஆம் தேதி பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் காலேஜ், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது மத்தியான இடைவேளையில் பையன்களைக் கூட்டிப் பௌதிகம் பேசுவாராம். மற்றக் காலேஜ்களிலிருந்தும் வந்து உட்காருவார்களாம். 1920-ல் கல்கத்தா போனவர், 1923 நவம்பரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ராமநாதன் கண்டதை அவரும் 1925-ல் வேறு சில திரவங்களில் கண்டார். அப்போதும் பெயர் மாறவில்லை.

1927-ன் இறுதியில் காம்ப்டனுக்கு நோபல் பரிசு என்ற செய்தி வந்தது. எக்ஸ்ரேக்கு உண்மையானால் சாதாரண ஒளிக்கும் உண்மையாகத்தானே இருக்க வேண்டும் என்று ராமன் துள்ளியதாகச் சொல்வார்கள். அந்தச் சமயத்தில் வால்டேருக்கு விடுமுறையில் போனவர் அங்கே உட்கார்ந்து போட்ட கணக்கு என்ன தெரியுமா? துகள் என்றே சொல்லாமல், பழைய அலைக் கொள்கையை வைத்தே காம்ப்டனின் சூத்திரத்தை வருவிக்க முடியுமா என்பது. அப்படி ஒரு கட்டுரையே வெளியிட்டார். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷர் கடைசிவரை அலையை விடவில்லை, ஆனால் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

இதற்குள் அலிப்பூர் அரசு பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் சங்கத்துக்கு வரும் எஸ். வெங்கடேஸ்வரன், சுத்தமான கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக இல்லாமல் பளிச்சென்று பச்சையாக இருப்பதைப் பார்த்தார். அதைவிட முக்கியம், அந்தப் பச்சை ஒளி ஒரே தளத்தில் அதிர்கிற குணம், போலரைசேஷன் என்கிறோமே, அது நன்றாக உடையதாக இருந்தது. சாதாரண ஃப்ளுவரசன்ஸில் அப்படி இருக்காது. ஐந்து வருஷமாக ஒட்டியிருந்த பெயர் அன்று கழன்று விழுந்தது.

1928 ஜனவரிக் கடைசியில் ராமன் கிருஷ்ணனைப் பிடித்தார். வெகு நாளாகக் கணக்கிலேயே இருக்கிறீர், சோதனையைத் தொடாமல் இருப்பது ஒரு விஞ்ஞானிக்கு ஆரோக்கியம் இல்லை என்று சொல்லி இந்த வேலையில் இறக்கினார். கிருஷ்ணன் நாட்குறிப்பு எழுதுகிறவர். அது இருந்ததால்தான் இன்று நமக்கு நாள் நாளாகத் தெரிகிறது. பிப்ரவரி 7-ஆம் தேதி இரவு சாப்பாடு முடிந்து அவரும் வெங்கடேஸ்வரனும் அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது மணி சுமாருக்கு வாசலில் ராமன் வந்து கூப்பிடுகிறார். காலையில் பார்த்தது கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் 1925-ல் கணித்த விளைவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். கால் மணிக்கு மேல் தெருவிலேயே நின்று பேசியிருக்கிறார்கள். கல்கத்தாத் தெருவில் இரவு ஒன்பது மணிக்கு மூன்று தமிழர்கள் நின்று ஒளியைப் பற்றிப் பேசிய அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

ராமனும் கிருஷ்ணனும் கையெழுத்திட்டு 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதிய கடிதம் பிப்ரவரி 16 தேதியிட்டது. மார்ச் 31 இதழில் வந்தது. சுமார் அறுபது திரவங்களில் சோதித்ததாக அதில் இருக்கிறது. பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை, நிறமாலைமானி வழியாகப் பார்த்தபோது, மாறிய ஒளி மாறாத ஒளியிலிருந்து ஓர் இருட்டு இடைவெளியால் பிரிந்து தனியாக நின்றது. கிருஷ்ணன் அன்று மத்தியானத்துக்கு மேல்தான் ஆய்வுக்கூடம் போயிருக்கிறார். அதற்குள் ராமன் வேலையில் இறங்கியிருந்தார். மறுநாள் பத்திரிகைகளுக்குச் செய்தி போயிற்று. அந்த 28-ஆம் தேதியைத்தான் 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். முன்னே கவனிக்கச் சொன்னேனே, கல்பாத்தி ராமநாதனுக்கு அன்று முப்பத்தைந்து வயது பூர்த்தி.

அந்த இருட்டு இடைவெளி ஏன் பெரிய விஷயம் என்பதைச் சொல்லாமல் போனால் இத்தனையும் வம்புக்கதையாகிவிடும். திரவத்தின் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை, தனக்கென்று ஒரு கதியில் அதிர்ந்துகொண்டிருக்கும். அதிர்கிற மூலக்கூறில் ஒளி அலை பட்டால் என்ன ஆகும்? நம் சங்கீதத்தில் ஒரு ஸ்வரத்தைக் கம்பித கமகமாக அசைத்தால் அது தன் இடத்துக்கு மேலேயும் கீழேயும் போய்வரும் அல்லவா, அதுபோல ஒளியின் அதிர்வெண்ணுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு புதுக்கோடுகள் வரவேண்டும். இதற்கு அலைக் கொள்கையே போதும். ஆனால் அப்படியானால் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாக இருக்க வேண்டும். சோதனையிலோ கீழ்க்கோடு, சிவப்புப் பக்கம் உள்ளது, பிரகாசம். மேல்கோடு வெகு மங்கல்.

இதற்குப் பொட்டலக் கணக்கு வேண்டும். குமுளி செக்போஸ்டில் லாரிகள் வரி கட்டுகிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒளிப் பொட்டலமும் ஒரு லாரி, மூலக்கூறுதான் செக்போஸ்ட். வாங்கினால் குறிப்பிட்ட ஒரே தொகை. பாதியோ காலோ கிடையாது. பெரும்பாலான மூலக்கூறுகள் கல்லாவில் ஒன்றும் இல்லாத நிலையில் இருக்கின்றன. அவை வாங்கத்தான் முடியும், கொடுக்க முடியாது. ஒளி தன் சக்தியில் அந்தத் தொகையைக் கட்டிவிட்டு இளைத்து வெளியேறுகிறது, அதுதான் கீழ்க்கோடு. வெப்பத்தால் முன்பே ஒரு தொகை சேர்ந்திருக்கிற சில மூலக்கூறுகள் மட்டும் எதிர்ப்பக்கமாகக் கொடுக்க முடியும். அவை சொற்பம், அதனால் மேல்கோடு மங்கல். தொகை குறிப்பிட்ட அளவு என்பதால்தான் நடுவில் இருட்டு இடைவெளி. இந்த வரி கட்டுகிற லாரிகளும் உள்ளே போகிறதில் ஏறக்குறைய கோடியில் ஒன்றுதான். ராமநாதன் கண்ட கோடு அவ்வளவு மங்கலாக இருந்ததற்குக் காரணம் அதுவே.

அமெரிக்காவில் ஆர்.டபிள்யூ. வுட் இதைச் செய்து பார்த்துவிட்டு, குவாண்டம் கொள்கைக்கு மிகவும் நம்பத்தகுந்த நிரூபணங்களில் இது ஒன்று என்று 'நேச்சர்' பத்திரிகைக்குத் தந்தியே அடித்தார். ஆனால் நன்றாக யோசித்தால் இதில் அலையும் தோற்கவில்லை. கோடு எங்கே விழும் என்பதை அலையும் சொல்லும். எவ்வளவு பிரகாசம் என்பதற்குத்தான் துகள் வேண்டும். கிளிசரின் ஒளி ஒரே தளத்தில் அதிர்ந்தது என்று கண்டுபிடித்தார்களே, அது அலையின் குணம்தான். இரண்டையும் ஒரே குப்பியில் வைத்துப் பார்த்தார்கள்.

மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் இருவரும் அதே பிப்ரவரியில் படிகங்களில் இதே விளைவைக் கண்டார்கள், வெளியிட்டது பிந்திவிட்டது. 1930-ன் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் ராமன் ஆற்றிய சொற்பொழிவை நான் இந்த வயதில்தான் முதல்தடவையாக முழுக்கப் படித்தேன். அதில் ராமநாதன் பெயர் இருக்கிறது, 1923 என்ற வருஷத்தோடு. கிருஷ்ணன் பெயர் இருக்கிறது. வெங்கடேஸ்வரனும் அவருடைய கிளிசரினும் இருக்கிறார்கள். பறித்தவர் செய்கிற காரியம் இல்லை இது. ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். முதல் கடிதத்தில் இரண்டாவது கையெழுத்துப் போட்டவருக்குப் பரிசில் பங்கு இல்லை என்பது வேறு வழக்கு. அதில் என் அபிப்பிராயம் கிருஷ்ணன் பக்கம்தான். கல்பாத்திக்காக வக்காலத்து வாங்கி எழுதிய நான், கிருஷ்ணனைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது இப்போது உறுத்துகிறது. அவர் 1928 இறுதியில் சத்யேந்திரநாத் போஸ் இருந்த டாக்கா சர்வகலாசாலைக்குப் போய்ப் படிகங்களின் காந்த குணத்தில் பெரும் பெயர் எடுத்து, 1940-ல் எஃப்.ஆர்.எஸ். ஆகி, புது தில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டராகவும் இருந்து 1961-ல் காலமானார்.

ராமநாதன்? 1925-லேயே வானிலை இலாகாவுக்குப் போய்விட்டார். குப்பிக்குள் ஒளியைப் பார்த்தவர் வானத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற காற்று, துருவப் பிரதேசங்களில் அதே உயரத்தில் இருப்பதைவிடக் குளிர்ந்தது என்று 1929-ல் காட்டினார். வெயில் அதிகமான இடத்துக்கு மேலேதான் அதிகக் குளிர்! ஓசோன் ஆராய்ச்சியில் உலகப் பெயர். 1948-ல் ஆமதாபாத் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர். 1976-ல் பத்மவிபூஷண். தொண்ணூற்றொரு வயது இருந்து 1984 டிசம்பர் 31-ல் மறைந்தார். கல்கத்தாவில் கண்டதற்காக வழக்காடிக்கொண்டு உட்கார்ந்தவராக அவர் வாழ்க்கையில் எங்கும் தெரியவில்லை. வழக்காடியது கல்பாத்தித் திண்ணைதான்.

எங்கள் மலையில் மேற்குப் பக்கம் பார்த்தால் பீர்மேடு. வண்டிப்பெரியாரிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணிகூட ஆகாது. அங்கே 1918-ல் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் அன்னா மணி பிறந்தார். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட குழந்தை. விதியைப் பாருங்கள், 1940-ல் பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்ததும் அவர் கையில் கொடுக்கப்பட்டது வைரங்கள்! வைரத்தில் ராமன் கோடு எது, ஃப்ளுவரசன்ஸ் எது என்று, ஒரு படத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி காட்டி, இரவு பகல் பார்க்காமல் எடுத்தார். ராமநாதனைக் குழப்பிய அதே இரண்டு ஒளிகளைத்தான் இந்தப் பெண்மணி வைரத்தில் பிரித்து அளந்தார். தனியாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு 1945-ல் சென்னை சர்வகலாசாலைக்கு ஆய்வேட்டையும் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் தரப்படவில்லை. அவரும் பிறகு வானிலைக்கே போனார். நாட்டின் வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிசெய்தார். 2001-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். பறிக்கப்பட்டது என்ற சொல்லை எங்காவது போடவேண்டுமென்றால் இங்கே போடலாம். இவர் நம்மவர் இல்லை, அதனால் எங்கள் திண்ணையில் யாரும் இவர் பெயரைச் சொல்லவில்லை. முக்கால் மணி பஸ் தூரத்தில் பிறந்தவர் பெயரை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டேன்.

அதே பஸ்ஸில் கோட்டயம்வரை இறங்கினால் பக்கத்தில் பள்ளம் என்ற ஊர். அங்கே 1931-ல் பிறந்த இ.சி.ஜி. சுதர்சன் 1963-ல், ஒளிக்கற்றையை அலை என்று விவரிப்பதையும் பொட்டலம் என்று விவரிப்பதையும் ஒரே கணித வடிவில் எழுதலாம் என்று காட்டினார். அதே துறைக்காக 2005-ல் ராய் கிளாபருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தபோது, சுதர்சன் தம் பங்கைக் குறிப்பிட்டு நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். 2018-ல் காலமானார். அவருடைய வழக்கில் கடிதமும் உண்டு, தேதியும் உண்டு. விரும்புகிறவர்கள் தேடிப் படிக்கலாம்.

ஜாம்ஷெட்பூர் அம்மையாருக்கு இந்தக் கட்டுரையின் பிரதியைத் தனியாக அனுப்புகிறேன். அம்மாஞ்சிக்கும் படித்துக் காட்டினேன். "அப்போ நம்ம ராமநாதன் பார்க்கலைங்கறியா?" என்றான். பார்த்தார், அச்சிலும் போட்டார், ராமனே ஸ்டாக்ஹோமில் சொல்லியிருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது போறுமே" என்றான்.

அந்தப் பழைய ஆண்டு மலரை யாராவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால் ஓர் உபகாரம் செய்ய வேண்டும். என் கட்டுரையில், கடைசிப் பாராவில், "பறிக்கப்பட்டது" என்று ஒரு சொல் இருக்கும். அதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே "1923, பிலசாபிகல் மேகஸின்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.